ட்ராக் டேவுக்கு ஒரு பழைய கார்: வடசென்னையில் பார்த்து வாங்குவது எப்படி

பந்தய ட்ராக்கில் கட்டணம் கட்டிச் சொந்தக் காரை ஓட்டும் நாள்தான் ட்ராக் டே. அதற்கென்று பழைய கார் தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எத்தனை பிஹெச்பி?" என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு. பிரேக் 20 நிமிஷம் தாங்குமா? எஞ்சின் சூடேறாமல் ஓடுமா? சஸ்பென்ஷனில் ஆட்டம் இருக்கிறதா? வயரிங்கை நம்பலாமா? வடசென்னையில் ஓடிய வண்டிகளில் முதலில் பழுதாவதும் இவைதான். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை வீசும் உப்புக்காற்று பிரேக் பைப்பையும் ரேடியேட்டரையும் அரிக்கிறது. வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை பக்கம் தேங்கும் மழைநீர் கனெக்டர்களுக்குள் போகிறது. துறைமுகத்துக்கும் மணலிக்கும் ஓடும் கன்டெய்னர் லாரிகள் உடைத்த ரோட்டில் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்ஷும் பால் ஜாயின்ட்டும் அடிவாங்குகின்றன. மே மாத மதியத்தில் மூலக்கடை சிக்னலில் நின்று நின்று போவது கூலிங் சிஸ்டத்தைச் சோதிக்கிறது. ஆகவே இங்கே வண்டி பார்ப்பவருக்கு எங்கே குனிந்து பார்க்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும்.

ஓட்டப்போகும் இடம் இருங்காட்டுக்கோட்டையில் உள்ள மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். 3.717 கி.மீ. நீளம், 12 வளைவுகள், 1990 முதல் இயங்குகிறது. அதற்கு முன்பு பந்தயம் நடந்தது நம் பக்கத்தில், செங்குன்றம் தாண்டிச் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில். வடசென்னைக்கு இந்த விளையாட்டு புதிதில்லை. 20 நிமிஷ செஷன் ஒன்றில் சாதாரண கார் 7 அல்லது 8 சுற்று போகும், அதாவது 25 முதல் 30 கி.மீ. தூரம் குறைவாகத் தெரியலாம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை முழு பலத்தோடு பிரேக் அழுத்தி, உடனே ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை மிதிக்கிறோம். ஊருக்குள் ஒரு வருஷம் ஓட்டினாலும் பிரேக் அந்தச் சூட்டைப் பார்த்திருக்காது.

பணத்தைப் பிரிப்பது

கையில் 3 லட்சம் இருந்தால் வண்டிக்கு 2 லட்சத்தைத் தாண்டாதீர்கள். மீதி 1 லட்சம் டயர், பிரேக், ஆயில்கள், புஷ், ஹெல்மெட், நுழைவுக் கட்டணம், பெட்ரோல் ஆகியவற்றுக்குப் போய்விடும். ட்ராக்கில் லிட்டருக்கு 5, 6 கி.மீ. கிடைத்தாலே சரி என்று கணக்கிடுங்கள். 4 செஷன் ஓடினால் 20 லிட்டருக்கு மேல் வேண்டும், வீட்டிலிருந்து போய்வர வேறு. முழுப் பணத்தையும் போட்டு ஒரு படி மேலான மாடலை வாங்கிவிட்டு, பழைய டயரோடும் பழைய பிரேக் ஆயிலோடும் ட்ராக்குக்குப் போவது ஆபத்து. வண்டியில் ஒரு படி இறங்குங்கள், பிரேக்கில் இறங்காதீர்கள்.

எந்த வண்டி

பெட்ரோல், மேனுவல் கியர், எடை 1,000 கிலோவைச் சுற்றி, யாரும் மாற்றியமைக்காத வண்டி. முதல் ட்ராக் காருக்கு இதைவிட நல்ல இலக்கணம் கிடையாது. எடை ஏன் முக்கியம் என்பதற்குக் கணக்கே சாட்சி. 900 கிலோ வண்டி மணிக்கு 140 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்கு இறங்கும்போது கழற்ற வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 555 கிலோஜூல். 1,200 கிலோ வண்டிக்கு அதே இடத்தில் 740. இதில் பெரும்பகுதி டிஸ்க்கிலும் பேடிலும் சூடாக இறங்குகிறது, அதுவும் சுற்றுக்குப் பலமுறை. குறைந்த எடை பிரேக்கையும் டயரையும் சேர்த்துக் காப்பாற்றும்.

மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல்தான் முதல் தேர்வு. 2005-ல் வந்தது 1.3 லிட்டர் எஞ்சின், 2010-ல் 1.2 கே சீரீஸ் எஞ்சினுக்கு மாறியது. பழைய 1.3-ல் டைமிங் பெல்ட், 1.2-ல் செயின். பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். 2018-ல் வந்த மூன்றாம் தலைமுறை 900 கிலோவுக்குள் நிற்கிறது, ட்ராக்குக்கு அருமையான வண்டி, ஆனால் விலை அதிகம். ஸ்விஃப்ட்டின் பெரிய பலம் ஸ்பேர். சனிக்கிழமை ட்ராக்கில் போன சாமானை அடுத்த வாரத்துக்குள் மாதவரத்திலோ பெரம்பூரிலோ வாங்கி மாட்டிவிடலாம்.

கையில் காசு இன்னும் குறைவு என்றால் மாருதி எஸ்டீம். 1.3 லிட்டர், 900 கிலோவுக்கும் குறைவு, இந்திய டூரிங் கார் பந்தயங்களில் பல ஆண்டுகள் ஓடிப் பேர் வாங்கியது. 2007-லேயே உற்பத்தி நின்றுவிட்டதால் எல்லா எஸ்டீமும் 15 வருஷம் தாண்டியவை. ஆர்.சி. புதுப்பித்திருக்கிறார்களா, எஃப்.சி. எந்தத் தேதிவரை என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். துரு பிடிக்காத எஸ்டீம் கிடைப்பது கடினம், கிடைத்தால் விடாதீர்கள்.

ஹோண்டா சிட்டியில் 2000 முதல் 2003 வரை வந்த 1.5 விடெக்கும், 2008-க்குப் பிறகு வந்த 1.5 ஐ-விடெக்கும் எஞ்சின் விஷயத்தில் மற்றவற்றைவிட ஒரு படி மேல். கூடுதல் வேகம் என்றால் கூடுதல் பிரேக் செலவு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். டொயோட்டா எட்டியோஸ் 1.5 பெட்ரோல் பார்வைக்குச் சாதுவான வண்டி. எடை குறைவு, எஞ்சின் உறுதி, இதை வைத்தே தனிப் பந்தயத் தொடர் நடத்தினார்கள். டாக்ஸியாக ஓடி வெள்ளை போர்டுக்கு மாற்றியதா என்று மட்டும் ஆர்.சி. வரலாற்றில் பாருங்கள். ஃபோர்டு ஃபிகோ, ஃபியஸ்டா 1.6 இரண்டுக்கும் ஸ்டீயரிங் துல்லியம். ஆனால் ஃபோர்டு 2021-ல் இந்திய உற்பத்தியை நிறுத்த முடிவெடுத்துவிட்டது, பாடி சாமான்களுக்கு அலைய வேண்டிவரும். தவிர ஃபிகோவின் வீல் போல்ட் அளவு 4×108, அதாவது 108 மி.மீ. வட்டத்தில் 4 போல்ட். ஸ்விஃப்ட், சிட்டி, எட்டியோஸ் மூன்றும் 4×100, அதனால் ட்ராக்குக்குத் தனி வீல் செட் தேடுவது சுலபம்.

ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ ஆசை காட்டும். ஆனால் அதன் 7 ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் இருப்பது உலர் கிளட்ச். பட்ஜெட்டில் வாங்கும் பழைய வண்டியில் அது எத்தனை ஆயுள் மிச்சம் வைத்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது, போனால் செலவு வண்டி விலையில் பெரும்பகுதியாக வந்து நிற்கும். ஏஎம்டி, சிவிடி வகை ஆட்டோமேட்டிக் வண்டிகளும் இந்த வேலைக்கு வேண்டாம். டீசலில் முன்பக்க எடை கூடுதல், முன் டயர் சீக்கிரம் தேயும். உயரமான வண்டிகள் வளைவில் அதிகமாகச் சாயும். சிஎன்ஜி, எல்பிஜி போட்டுக் கழற்றிய வண்டியை டிக்கியின் அடித்தகட்டில் இருக்கும் ஓட்டைகளே காட்டிக்கொடுக்கும்.

ஏற்கெனவே ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றுவது), ஏர் ஃபில்டர், லோயரிங் ஸ்பிரிங் எல்லாம் போட்டது என்று கூடுதல் விலை சொல்வார்கள். யார் செய்தது, எப்படிச் செய்தது என்பதற்கு ஆதாரம் இல்லாத மாற்றம் ஒவ்வொன்றும் விலையைக் குறைக்க வேண்டிய காரணம். அறுத்துக் குட்டையாக்கிய ஸ்பிரிங்கைக் கண்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

உப்பும் வெள்ளமும்

நம்பர் பிளேட்டில் டி.என் 03, 04, 05 என்று இருப்பதை வைத்து வண்டி கடற்கரையில் நின்றதா என்று சொல்ல முடியாது. சர்வீஸ் பில்லில் இருக்கும் முகவரியும், இரவில் வண்டி நின்ற இடமும்தான் பதில் சொல்லும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூரில் தெருவில் நின்ற வண்டியென்றால் லிஃப்ட்டில் ஏற்றாமல் வாங்காதீர்கள். அருகிலுள்ள ஒர்க்‌ஷாப்பில் சில நூறு ரூபாய்க்கு ஏற்றிக் காட்டுவார்கள். விற்பவர் லிஃப்ட்டுக்கு மறுத்தால் அடுத்த வண்டிக்குப் போய்விடலாம்.

கீழே நின்று டார்ச் அடித்து முதலில் பார்க்க வேண்டியது பிரேக் பைப். இரும்புக் குழாய்கள் முன்னாலிருந்து பின் சக்கரம் வரை பாடிக்கு அடியில் ஓடும். கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் மண்ணும் உப்பும் தங்கி அரிக்கும். விரலால் தடவினால் சொரசொரப்பும் செதில் உதிர்வதும் இருந்தால் குழாய் மாற்ற வேண்டும். ஊருக்குள் மெதுவாக மிதிக்கும்போது தாங்கிய குழாய், ட்ராக்கில் முழு பலத்தோடு மிதிக்கும் நாளில் வெடிக்கும். அண்டர்கோட்டிங் புதிதாகக் கறுப்பாக அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்த்தால் நல்ல தகடு டங்கென்று ஒலிக்கும், உளுத்தது மொத்தென்று சொல்லும்.

அடுத்து ஜாக்கி வைக்கும் இடங்கள், கதவுக்கு அடியில் ஓடும் சில் பலகையின் இரு முனைகள், பின் ஆக்ஸில், லோயர் ஆர்ம் பிடிக்கும் இடம். பானெட்டைத் திறந்து, முன் சஸ்பென்ஷனின் மேல்முனை பிடிக்கும் ஸ்ட்ரட் டவரைச் சுற்றி வெல்டில் வெடிப்போ துருவோ தெரிகிறதா பாருங்கள். வளைவில் வண்டியின் முன்பக்கப் பாரத்தில் பெரும்பகுதி அந்த இரண்டு வட்டங்களில்தான் இறங்குகிறது. கதவில் துரு இருந்தால் பேரம் பேசலாம். ஸ்ட்ரட் டவரில் இருந்தால் பேரத்துக்கே இடமில்லை.

வெள்ள வண்டியைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகள் கழுவிக் கை மாறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2023-ல் எண்ணூர், எர்ணாவூர் பக்கம் புகுந்த தண்ணீரில் எண்ணெயும் கலந்திருந்தது. அங்கே நின்ற வண்டியில் பிளவுகளுக்குள் கறுப்புப் பிசுக்கு இன்னும் கிடக்கலாம். சீட் பெல்ட்டை முடிவுவரை இழுங்கள், கடைசி ஒரு அடியில் சேற்றுக்கோடு இருக்கிறதா பாருங்கள். சீட் கழுவப்பட்டிருக்கும், சீட் நகரும் தண்டவாளத்தின் அடிப்பக்கத் துருவை யாரும் கழுவுவதில்லை. ஸ்டெப்னி குழி, டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஸ்க்ரூக்களின் தலை, ஃபியூஸ் பாக்ஸ் முனைகளில் பச்சை நிறம், ஹெட்லைட்டுக்குள் தண்ணீர் நின்ற கோடு, இவற்றைப் பார்த்தால் போதும்.

பழைய இன்ஷூரன்ஸ் பாலிசியையும் வாங்கிப் பாருங்கள். கிளெய்ம் எடுக்காத வண்டிக்குக் கிடைக்கும் தள்ளுபடியான என்.சி.பி. 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும். திடீரென்று ஒரு வருஷம் பூஜ்யமாகியிருந்தால் அந்த வருஷம் கிளெய்ம் போட்டிருக்கலாம், அல்லது பாலிசி விட்டுப்போயிருக்கலாம். அந்தத் தேதி டிசம்பரை ஒட்டியிருந்தால் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெள்ள வண்டியை ஊருக்குள் ஓட்டச் சிலர் துணியலாம். ட்ராக்குக்கு வேண்டவே வேண்டாம். எஞ்சின் சூடும் அதிர்வும் ஏறும்போது அரித்த கனெக்டர் தொடர்பை விடும். அது ஏபிஎஸ் சென்சாராக இருந்தால் நீங்கள் அறிவது வளைவுக்கு முன்னால்தான்.

அடிபட்டதா என்பதைத் தெரிந்துகொள்ள பெயின்ட் தடிமன் மீட்டர் நல்ல துணை. கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான். 300-க்கு மேல் என்றால் பட்டி பார்த்திருக்கிறார்கள். கதவு, ஃபெண்டரில் பட்டி இருந்தால் பரவாயில்லை, எங்கும் தேய்த்துக்கொள்ளாத வண்டி சென்னையில் ஏது? ஏப்ரான் (எஞ்சின் அறையின் பக்கத் தகடு), பில்லர், ரூஃப், டிக்கித் தரை ஆகிய இடங்களில் டிங்கரிங் அடையாளம் இருந்தால் விலகுங்கள். நேராக இல்லாத பாடியில் வீல் அலைன்மென்ட் எத்தனை முறை செய்தாலும் நிற்காது.

எஞ்சின், கூலிங்

"வண்டி கண்டிஷன்ணா, எஞ்சின்ல கையே படல" என்று சொன்னால் சந்தோஷம், சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் மட்டும் பொய் சொல்லாது. எஞ்சின் சூடான பிறகு நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் 5, 6 சுற்று செல்ஃப் அடியுங்கள். நான்கிலும் 150 பிஎஸ்ஐ-க்கு மேல், ஒன்றுக்கொன்று வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் குறைவு என்றால் அந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட்.

கூலிங்கில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று உண்டு. வண்டி சூடேறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, ஃபேனை நேராக வயர் கொடுத்து ஓடவிட்டு, கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். ஊருக்குள் வண்டி ஓடிவிடும், அடிப்படைக் கோளாறு அப்படியே இருக்கும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைப் பொருத்தி ஓட்டிப் பாருங்கள். வெளிவட்டச் சாலையில் சீரான வேகத்தில் கூலன்ட் சூடு 85 முதல் 95 டிகிரிக்குள் நிற்க வேண்டும். 70-ஐத் தாண்டவே இல்லை என்றால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. ஏன் கழற்றினார்கள் என்பதற்கான விடை அடைத்த ரேடியேட்டரிலோ ஹெட் கேஸ்கெட்டிலோ இருக்கும். எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள், விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் சந்தேகம் உறுதி. ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் களிம்பு இருந்தாலும் அப்படியே. கடற்கரை வண்டிகளில் ரேடியேட்டரின் அலுமினிய ஃபின்கள் விரல் பட்டாலே பொடியாகும், அப்படியென்றால் புது ரேடியேட்டர் விலையைக் கழித்துக் கேளுங்கள்.

ஸ்கேனரில் இன்னொன்றும் தெரியும். வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததைக் காட்டும் ரெடினஸ் மானிட்டர் எல்லாமே "தயாரில்லை" என்று காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்றுமுன் எர்ரரை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். கீயை ஆன் செய்ததும் ஏபிஎஸ், ஏர்பேக், செக் எஞ்சின் விளக்குகள் எரிந்து, பிறகு அணைய வேண்டும். எரியாத விளக்கு நல்ல செய்தி கிடையாது. பல்பைக் கழற்றியிருக்கலாம்.

பிரேக்

ட்ராக்கில் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். மிதிக்க மிதிக்க பெடல் பஞ்சு போல உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. பெடல் கல் மாதிரி உறுதியாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால் பேட் தன் சூட்டு வரம்பைத் தாண்டிவிட்டது. முதலாவதற்கு மருந்து ஆயில், இரண்டாவதற்கு மருந்து பேட். இதைக் குழப்பிக்கொண்டு பேட்டை மாற்றிவிட்டுப் பழைய ஆயிலோடு போகிறவர்கள் அதிகம்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி, ஈரம் ஏறியபின் 140. டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. சென்னைக் காற்றில் இரண்டு வருஷம் நின்ற ஆயில் எந்தப் பக்கம் இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வண்டி வாங்கியதும் 1 லிட்டர் டாட் 4 அல்லது 5.1 வாங்கி, பழையது முழுக்க வெளியேறும்வரை நான்கு சக்கரத்திலும் ப்ளீட் செய்யுங்கள். பெயரைப் பார்த்து டாட் 5 வாங்கிவிடாதீர்கள். அது சிலிகான், இந்த வண்டிகளுக்குச் சேராது.

வாங்கும்போதே ஒரு முன் சக்கரத்தையாவது கழற்றச் சொல்லுங்கள். டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், வெர்னியரில் அளந்து ஒப்பிடுங்கள். கேலிப்பர் பின்கள் கையால் நகர வேண்டும், உப்புக்காற்று வண்டிகளில் இறுகிப்போயிருக்கும். இறுகினால் ஒரு பேட் மட்டும் தேய்ந்து, வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ரப்பர் பிரேக் ஹோஸை மடித்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். பின் டிரம்முக்குள் வீல் சிலிண்டர் கசிந்து ஷூ நனைந்திருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியதே.

புதுப்பேட்டையில் பழைய சாமான் தேடுவது நல்ல வழிதான், கதவு, விளக்கு, சீட், வீல் ரிம் எல்லாம் அங்கே எடுக்கலாம். பிரேக் சாமான், டை ராட், பால் ஜாயின்ட், வீல் பேரிங் மட்டும் ஒருபோதும் பழையது வேண்டாம். அவற்றை ஜி.பி. ரோட்டிலோ கம்பெனி கவுன்டரிலோ புதிதாக, பில்லோடு வாங்குங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய் நில்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லலாம். முதலில் ஏசி போட்டு மாதவரம், மூலக்கடை நெரிசலில் அரை மணி நேரம். டெம்பரேச்சர் முள் ஏறுகிறதா, ஃபேன் தானாகப் போட்டுத் தானாக நிற்கிறதா? பிறகு மணலி பக்கம் கன்டெய்னர் லாரி ஓடும் ரோட்டில் மெதுவாக, ஜன்னலை இறக்கிவிட்டு. டொக் டொக் என்றால் லிங்க் ராட் அல்லது பால் ஜாயின்ட், கும் என்று அடித்தால் ஸ்ட்ரட் மவுன்ட். காலி இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வட்டமடித்தால் வரும் டிக் டிக் ஓசை டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டினுடையது.

கடைசியாக மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலை, சட்ட வேகத்துக்குள். நான்காம் கியரில் 40 கி.மீ. வேகத்தில் முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் தாவி, வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கரகரவென்றால் கியர்களை ஒத்திசைக்கும் சிங்க்ரோ போய்விட்டது. ட்ராக்கில் அந்த மாற்றத்தை ஓயாமல் செய்வீர்கள், எனவே இது பெரிய குறை. கண்ணாடியில் பார்த்து, பின்னால் யாரும் இல்லாதபோது, 80-லிருந்து ஒருமுறை பலமாகப் பிரேக் போடுங்கள். ஸ்டீயரிங் நடுங்கினால் டிஸ்க் கோணல். வேகத்தைச் சோதிக்கிறேன் என்று அந்த ரோட்டில் பந்தயம் கட்டுவது குற்றம், பக்கத்தில் போகிற குடும்பத்துக்கும் ஆபத்து. அதற்காகத்தான் ட்ராக்.

ஹெல்மெட்டை எடுத்துப் போக மறக்காதீர்கள். அதைப் போட்டுக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்காருங்கள். தலை ரூஃபில் முட்டி, கழுத்தை மடக்க வேண்டியிருந்தால் அந்த வண்டி உங்களுக்குச் சரிப்படாது. உயரமானவர்கள் இதை வாங்கிய பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள்.

பேப்பர்

பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஓனர் வரிசை, எஃப்.சி., இன்ஷூரன்ஸ், ஹைப்பாதிகேஷன் (லோன் பதிவு), நிலுவை அபராதம் ஆகியவற்றைச் சரிபாருங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கையெழுத்தோடு, லோன் இருந்தால் வங்கியின் படிவம் 35, வேறு மாநில வண்டியென்றால் என்.ஓ.சி. பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது. இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். சாதாரண கார் பாலிசி ஏற்பாடு செய்த பந்தயத்தையும் வேகச் சோதனையையும் ஏற்பதில்லை. ட்ராக்கில் ஆகும் சேதம் உங்கள் பையிலிருந்துதான் போகும் என்று வைத்துக்கொண்டே வண்டியின் விலையைத் தீர்மானியுங்கள். சுக்குநூறானாலும் தாங்கக்கூடிய தொகைதான் சரியான பட்ஜெட். வீட்டுக்கு இருப்பதே அந்த ஒரு கார்தான் என்றால், முதலில் அதை மாற்றி யோசிக்க வேண்டும்.

வாங்கியபின், முதல் ட்ராக் டேவுக்கு முன்

எஞ்சின் ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில் எல்லாம் புதிது. எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டில் நிற்கட்டும். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சினால் பேரிங் போய்விடும். ஆயில் குறைவாக இருந்தால் அந்த வாய்ப்பு அதிகம். அதற்காக மேல் கோட்டைத் தாண்டியும் ஊற்ற வேண்டாம்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 5 வருஷம் தாண்டியதை, ட்ரெட் எவ்வளவு மிச்சமிருந்தாலும், ட்ராக்கில் போடாதீர்கள். கம்பெனி அளவே போதும். அகல டயர் போட்டு ஃபெண்டரில் உரசவிடுவதைவிட, அதே அளவில் நல்ல டயர் நான்கு வாங்குவது மேல். காற்றைக் கம்பெனி சொன்ன அளவில் குளிர்ந்த நிலையில் வைத்து ஆரம்பியுங்கள். செஷன் முடிந்து வந்ததும் அளந்தால் 4 முதல் 6 பிஎஸ்ஐ ஏறியிருக்கும். நான்கையும் குறித்துவைத்து, முன்னிரண்டுக்குள் வித்தியாசம் வராமல் சரிசெய்யுங்கள்.

புது பேட் போட்டால் பழக்காமல் ட்ராக்கில் இறங்க வேண்டாம். காலி ரோட்டில் 80-லிருந்து 20 வரை நடுத்தர அழுத்தத்தில் 8, 10 முறை, முழுக்க நிறுத்தாமல், பிறகு 10 நிமிஷம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டிக் குளிரவிடுங்கள். டிக்கியில் இருக்கும் டோ ஹூக்கை ஒருமுறை மாட்டிப் பாருங்கள். ஸ்க்ரூ துரு பிடித்து ஏறாத வண்டிகள் கடற்கரைப் பக்கம் நிறைய, ட்ராக்கில் நின்றுவிட்டால் இழுக்க அதுவே வழி. ஃபுளோர் மேட், ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில் எல்லாம் வெளியே.

மாதவரத்திலிருந்து பைபாஸ் ஏறி மதுரவாயல், பூந்தமல்லி வழியாகப் போவது எளிது. டார்க் ரெஞ்ச், காற்று கேஜ், அரை லிட்டர் பிரேக் ஆயில், 1 லிட்டர் எஞ்சின் ஆயில், 5 லிட்டர் கூலன்ட், பழைய துணி எடுத்துச் செல்லுங்கள். வீல் நட்டை மேனுவல் சொல்லும் டார்க்கில், பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள், முதல் செஷனுக்கு முன்பும் சக்கரம் ஆறியபிறகு ஒருமுறையும் பாருங்கள்.

முதல் நாளில் 20 நிமிஷத்தையும் முழு வேகத்தில் ஓட்ட வேண்டியதில்லை. 3 சுற்று வேகமாக, 1 சுற்று மெதுவாக. ஸ்கேனரில் கூலன்ட் 105-ஐத் தொட்டால் வேகத்தைக் குறையுங்கள், ஏசியை அணைத்து ஹீட்டரைத் திறந்துவிடுங்கள், இறங்கவில்லை என்றால் பிட்டுக்கு வந்துவிடுங்கள். பெடல் ஒரு விரல்கடை கீழே போனதாகத் தோன்றினாலும் அந்தச் செஷன் முடிந்தது, ப்ளீட் செய்துவிட்டுத்தான் அடுத்தது. கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் ஓட்டி உள்ளே வாருங்கள். வண்டிகள் நிறுத்தும் இடமான பேடாக்கில் நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடக் கூடாது, சூடான டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்து, பானெட்டைத் திறந்துவிடுங்கள்.